தை முகூர்த்தத்திற்குள் மூக்கு சரியாகிவிடுமா?

ஆகஸ்ட் 9, 2023 – ராணிப்பேட்டை வாசகர் கேட்டது

என் தங்கைக்கு 26 வயது. தை மாதம் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பை" என்று சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணாடியும் கையுமாக இருக்கிறாள். கார்த்திகையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் முகூர்த்தத்திற்குள் எல்லாம் சரியாகிவிடும், பத்து நாள் விடுப்பு போதும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். உண்மையா? வேலூர்ப் பக்கம் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 9, இரவு

விடுப்புக்குப் பத்து நாள் போதும். மூக்குக்குப் போதாது.

நான் வேலூரில் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் அல்ல. ஆனால் அறுவை அரங்குக்குள் போகும் முகத்தையும், கட்டுப் பிரிக்கும் நாளில் இருக்கும் முகத்தையும், ஆறு மாதம் கழித்து ஓ.பி.க்கு வரும் முகத்தையும் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

மூக்கு அசையாமல் இருக்க அதன் மேல் வைக்கும் ஸ்பிளிண்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பார்கள். தையல் வெளியே இருந்தால் அதுவும் அந்தச் சமயத்திலேயே பிரிக்கப்படும். எலும்பை வெட்டி நகர்த்தியிருந்தால் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போய் நீலமும் மஞ்சளுமாக இருக்கும். அது வடிய இரண்டு வாரம். அதன் பிறகு தெருவில் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உள்வீக்கம் மாதக்கணக்கில் கரையும். மூக்கு நுனிதான் கடைசி. அது தன் வடிவத்துக்கு வந்து சேர ஓராண்டு ஆகும். தோல் தடிப்பாக இருப்பவர்களுக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகலாம். நம் பக்கத்துப் பெண்களில் பலருக்குத் தோல் தடிப்புதான்.

ஆகவே தை மாதம் மணவறையில் உட்காரும்போது இருக்கும் மூக்கு, பழைய மூக்கும் அல்ல, வரப்போகும் மூக்கும் அல்ல. அந்த மூக்கைத்தான் ஆல்பத்தில் காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதற்கு மேல் நத்து, புல்லாக்கு என்று ஏதாவது மாட்டச் சொல்வார்கள். ஆறாத மூக்கில் அந்தப் பாரமும் இழுப்பும் கூடவே கூடாது.

ஆகஸ்ட் 10

இரவு எழுதியதில் நாள்கணக்கைத்தான் சொன்னேன். தம்பி, உங்கள் கேள்வியில் அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்த அத்தை வாய் திறப்பதற்கு முன்பு உங்கள் தங்கை தன் மூக்கைப் பற்றி எப்போதாவது வருத்தப்பட்டிருக்கிறாளா?

முதல்முறை பார்க்கும்போதே நல்ல டாக்டர் இதைத்தான் கேட்பார்: எத்தனை காலமாக இந்த எண்ணம், யார் சொல்லி வந்தது, எந்த இடம் பிடிக்கவில்லை, விரலால் தொட்டுக் காட்டுங்கள். பல காலமாகத் தனக்கே தோன்றி, "இந்த மேடு மட்டும்" என்று தொட்டுக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் நிறைவோடு போவார்கள். யாரோ சொன்ன சொல்லைச் சுமந்துகொண்டு வருகிறவர்களுக்கு அறுவைக்குப் பிறகும் அந்தச் சொல் அப்படியே இருக்கும். மூக்கைத் திருத்தலாம், அத்தையைத் திருத்த எந்த ஓ.பி.யிலும் சீட்டு கிடையாது. நாளை அவர் நிறத்தைச் சொல்வார், நாளன்றைக்கு வேறொன்று சொல்வார்.

ஆகஸ்ட் 12

குடியாத்தத்திலிருந்து ஒரு சகோதரி, வலி எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார். பொதுவாக முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். விழித்த பிறகு வலியைவிட மூக்கடைப்புதான் வாட்டும். வாயால் மூச்சுவிட்டு நாக்கு வறண்டுபோகும். அறுவை முடிந்த அன்று இரவு தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் ஒற்றிக்கொண்டே இருப்பதுதான் எங்கள் வேலையாக இருக்கும். வலிக்கு மாத்திரை போதும். தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். நுனி சில மாதங்கள் மரத்துப்போனது போல இருக்கும், மேலுதடும் விறைத்திருக்கும், பயப்பட வேண்டாம்.

ஆகஸ்ட் 19

யாரிடம் போவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். எப்படிப் பார்த்துத் தேர்வு செய்வது என்று சொல்கிறேன்.

பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் பொதுவாக எம்.எஸ்.ஸுக்குப் பிறகு எம்.சிஎச். என்ற மேல்படிப்பை முடித்தவர். காது மூக்கு தொண்டை மருத்துவர்களிலும் இதில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மூக்கின் உள்ளே அவர்களுக்குத் தெரியாத சந்து கிடையாது. இரண்டு பேரிடமும் போகலாம். பலகையில் "அழகியல் நிபுணர்" என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு நேராகவே கேளுங்கள்: மூக்கு அறுவை அடிக்கடி செய்வீர்களா, அறுவை நடக்கும் இடத்தில் மயக்க மருந்து மருத்துவர் இருப்பாரா, இரவில் ரத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? கேட்டதற்குக் கோபப்படுகிறவரிடம் மூக்கைக் கொடுக்காதீர்கள்.

செலவை எழுத்தில் வாங்குங்கள். அறுவைக் கட்டணம், மயக்க மருந்து, அறை, மருந்து, பின்னால் வரும் பார்வைகள், திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு என்ன என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

முதல் பார்வையில் டாக்டர் உங்கள் மூக்கின் உள்ளே விளக்கடித்துப் பார்க்காமல் வெளியே மட்டும் பார்த்துவிட்டு நாள் குறித்தால் எழுந்து வந்துவிடுங்கள். மூச்சு விடுவதற்குத்தான் மூக்கு. மேட்டைக் குறைக்கும்போது உள்வழியும் குறுகலாம். இரண்டு மூக்குத் துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவர் ஏற்கெனவே வளைந்திருந்தால் அதையும் சேர்த்து ஒரே அறுவையில் நிமிர்த்தலாம். வடிவத்துக்குத் தேவையான குருத்தெலும்பையும் அந்த நடுச்சுவரிலிருந்தே எடுப்பார்கள். போதாவிட்டால் காதிலிருந்து, அதுவும் போதாவிட்டால் விலா எலும்பின் முனையிலிருந்து.

ஆகஸ்ட் 27

"உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு என்றால் இப்படிச் சொல்வீர்களா?" என்று காட்பாடியிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். என் வீட்டிலும் நடந்தது.

என் மகளுக்குப் பள்ளியில் படிக்கும்போது மூக்கில் பந்து பட்டது. ரத்தம் நின்றதும் எல்லோரும் மறந்துவிட்டோம். வளர வளர மூக்குத் தண்டு ஒரு பக்கமாக வளைந்து நடுவில் மேடிட்டது. பள்ளியில் கிளிமூக்கு என்றார்கள். பதினாறு வயதில் அறுவை வேண்டும் என்று கேட்டாள். அவள் அப்பா, மூக்கும் விழியுமாக இருக்கிற பிள்ளைக்கு இது எதற்கு என்று எழுந்து போய்விட்டார். நான் மறுக்கவில்லை, காத்திரு என்றேன். முக வளர்ச்சி முடிய வேண்டும். பெண்களுக்கு அது 15, 16 வயதுவாக்கில் முடிகிறது, ஆண்களுக்கு இன்னும் சற்றுத் தள்ளி. வயது ஒரு காரணம்தான். அந்த ஆசை நிலைக்கிறதா என்று பார்க்கவும் விரும்பினேன்.

நிலைத்தது. சென்னையில் வேலைக்குப் போன பிறகு தன் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தாள். இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவதையும், படியேறினால் ஒரு பக்கம் அடைப்பதையும் டாக்டரிடம் அவளே சொன்னாள். நடுச்சுவரை நிமிர்த்தி, மேட்டைச் சீவி, எலும்பை நகர்த்தினார்கள். ஊரார் முகங்களுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு என் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்பிளிண்டைக் கழற்றிய அன்று அவள் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். மூக்கு உப்பி, நுனி மேலே தூக்கிக்கொண்டு, வேறு யாருடைய மூக்கோ போல இருந்தது. இது ஏறக்குறைய எல்லோருக்கும் வருகிற கட்டம். அறுவைக்கு முன்னால் டாக்டர் இதைச் சொல்லியே இருப்பார். கேட்டது யார் மனதிலும் நிற்பதில்லை. வீட்டில் இருப்பவர்கள் அந்த வாரத்தில் மூக்கைப் பற்றி எதுவும் பேசாமல் இருந்தால் பெரிய உதவி. அவள் அப்பா அன்று மாலை மக்கன்பேடா வாங்கி வந்து வைத்துவிட்டு டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்கவும் இல்லை.

இப்போது அவளுக்கு மூக்கு நேராக இருக்கிறது. மூடிய வாயோடு தூங்குகிறாள். மகிழ்ச்சியாக இருக்கிறாளா என்றால், இருக்கிறாள். அந்த மகிழ்ச்சி மேடு போனதாலா, மூச்சு வந்ததாலா, இல்லை தன் முடிவைத் தானே எடுத்ததாலா என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் அவள் மூன்றும் என்கிறாள்.

செப்டம்பர் 3

மேலே உள்ளதைப் படித்துவிட்டு மூன்று அம்மாக்கள் தங்கள் பெண்களுக்கு நாள் பார்க்கக் கேட்டிருக்கிறீர்கள். ஆசைப்பட்டது என் மகள். நீங்கள் எழுதியதில் உங்கள் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி கூட இல்லை.

செப்டம்பர் 15

அறுவையே வேண்டாம், ஊசி போட்டால் அரை மணி நேரத்தில் மூக்கு எடுப்பாகிவிடும் என்று ஓர் அழகு நிலையத்தில் சொன்னதாக ஆற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அது ஃபில்லர் ஊசி, அதாவது தோலுக்கு அடியில் ஜெல் போன்ற பொருளை நிரப்புவது. சப்பையான தண்டைச் சற்று உயர்த்திக் காட்டும், மேட்டை மறைத்துக் காட்டும், மூக்கைச் சிறிதாக்காது. கரையும் வகை ஃபில்லர் சில மாதங்களில் போய்விடும்.

இதில் நான் கடுமையாகப் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூக்கில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் ரத்தக் குழாய்களுக்கும் தொடர்பு உண்டு. மருந்து குழாய்க்குள் போய் அடைத்தால் மூக்கின் தோல் கறுத்து அழுகும். அரிதாக, பார்வையே போய்விடும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. முகத்தில் ஃபில்லர் போட மிகவும் ஆபத்தான இடங்களில் மூக்கு ஒன்று. அடைப்பு ஏற்பட்டால் அந்த நிமிடமே கண்டுபிடித்து, கரைக்கும் மருந்தைச் செலுத்தத் தெரிந்த மருத்துவர் கையில் மட்டுமே அந்த ஊசி இருக்க வேண்டும். புருவம் திருத்தும் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிற பொருள் அல்ல.

இரவு மூக்கில் கிளிப் மாட்டிக்கொள்வது, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இவற்றால் வளர்ந்தவர் மூக்கு மாறாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டிமார் மூக்கைப் பிடித்துவிடுவார்களே, அதனாலும் மாறாது. அது பாசம், அவ்வளவுதான். மெல்லச் செய்யச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 30

"எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மோகம்" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, மோகம் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த அறுவையை வெள்ளைக்காரன் நம்மிடம்தான் கற்றுக்கொண்டான்.

அறுபட்ட மூக்குக்குக் கன்னத்துத் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறை நம் பழங்கால மருத்துவர் சுஸ்ருதரின் நூலிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலை வைத்துச் செய்தார்கள். திப்பு சுல்தானோடு 1792இல் முடிந்த போரில், ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறக்குறைய ஓராண்டு மூக்கில்லாமல் இருந்த அவருக்குப் புனே அருகே செங்கல் சூளை வேலை செய்யும் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார். மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கு நடுவில் மட்டும் ஒட்டியிருக்கும்படி விட்டுக் கீழே திருப்பித் தைத்திருக்கிறார். ஒட்டிய அந்த இடம் வழியாக ரத்தம் ஓடுவதால்தான் புதுத் தோல் உயிரோடு இருக்கும். இது 1794 அக்டோபரில் லண்டனில் ஓர் இதழில் படத்தோடு வெளியாயிற்று. அதைப் பின்பற்றி 1814இல் ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவர் அங்கே செய்து காட்டினார். நெற்றித் தோல் முறை இன்றும் பெரிய காயங்களுக்கும், புற்றுநோய்க்காக மூக்கை எடுத்தவர்களுக்கும் செய்யப்படுகிறது.

அதே போர்களின் மிச்சம் நம் ஊரிலும் இருக்கிறது. 1799இல் திப்பு இறந்த பிறகு அவர் குடும்பத்தாரை வேலூர்க் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். கோட்டைப் பக்கம் போகும்போது எனக்கு அந்த வண்டிக்காரர் நினைவும் வரும்.

அக்டோபர் 1

தொழுநோயாளிகளுக்கும் இதே நெற்றித் தோலைத்தான் வைத்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இல்லை. அந்த நோயில் வெளித்தோல் பெரும்பாலும் இருக்கும். உள்சவ்வும் குருத்தெலும்பும் சுருங்கி அழிவதால் மூக்கு உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. எனவே உள்பக்கமாகப் போய்ச் சுருக்கத்தை விடுவித்து, உள்ளே புதிய தோலைப் பதிப்பார்கள். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தியதற்காகத்தான் அவரை உலகம் அறியும். மூக்கும் புருவமும் சீராக்குவதும் அந்தப் பணியில் சேர்ந்ததே. 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனையை நம்மில் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்போம். நோய் குணமான பிறகும் அமிழ்ந்த மூக்கு ஒருவரைக் காட்டிக்கொடுத்தது. டீக்கடையில் தனி டம்ளர், வீட்டில் தனித் திண்ணை. அவர்களுக்கு மூக்கு என்பது ஊருக்குள் திரும்பி வர ஒரு வழி. தோற்றத்துக்காகச் செய்வதெல்லாம் வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு அதனால்தான் பொறுக்கவில்லை.

அக்டோபர் 22

ராணிப்பேட்டைத் தம்பி எழுதிய செய்தி பலருக்குப் பயன்படும் என்பதால் அவர் அனுமதியோடு இங்கே சொல்கிறேன். தங்கையை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். உள்ளே குறை இல்லை, மூச்சு நன்றாக இருக்கிறது. தண்டை உயர்த்தக் குருத்தெலும்பு வைக்க வேண்டும், நுனியைச் சற்று எடுப்பாக்கலாம், தோல் தடிப்பு என்பதால் கூர்மையான நுனியை எதிர்பார்க்க வேண்டாம், திருமணத்துக்கு முன் செய்ய மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணினியில் காட்டிய படம் உத்தரவாதம் அல்ல என்பதையும் சொல்லியிருக்கிறார். நல்ல டாக்டர். தங்கை மாப்பிள்ளையிடம் தானே பேசிவிட்டாளாம். வேண்டும் என்று தோன்றினால் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள்.

நான் ஆகஸ்டில் எழுதியதைப் படித்தால், பிறர் சொல்லி வந்த ஆசை எல்லாமே பொய் என்பது போலத் தொனிக்கிறது. அப்படியும் இல்லை. சிலருக்குள் ஏற்கெனவே இருந்ததைத்தான் பிறர் சொல் கிளறிவிடுகிறது. அதனால்தான் காலம் கொடுக்கச் சொல்கிறேன். கிளறியது அடங்கினால் அது அத்தையுடையது. அடங்காவிட்டால் அவளுடையது.

நவம்பர் 18

பத்தியம். அறுவை முடிந்தவருக்குக் கத்தரிக்காய் கொடுத்தால் புண் சீழ் பிடிக்கும் என்று மாமியார் தடுக்கிறாராம். வேலூரில் இருந்துகொண்டு முள்ளுக்கத்தரியை விலக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் சில நாட்கள் மேலுதடு அதிகம் அசையாதபடி, மென்று துன்பப்படாத உணவு: இட்லி, குழைந்த சோறு, ஆறிய ரசம். காரம் தூக்கலாக இருந்தால் மூக்கு ஒழுகும், சிந்தத் தோன்றும், அதனால் குறைத்துக்கொள்ளுங்கள். ஆவி பிடிப்பதும், கொதிக்கக் கொதிக்க எண்ணெய்க் குளியலும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

அறுவைக்கு முன்னால்தான் உண்மையான பத்தியம். ஆஸ்பிரின், சில வலிமாத்திரைகள், மீன் எண்ணெய், சில நாட்டு மருந்துகள் ரத்தக் கசிவைக் கூட்டும். எதை எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்வார். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. புகைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே விட வேண்டும், பிறகும் தொடக் கூடாது. புகை ரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தோலைக் கொன்றுவிடும். டாக்டரிடம் ஒளித்தால் மூக்கு சொல்லிவிடும்.

மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். அறுவையில் மின்கருவி பயன்படுத்தும்போது உலோகம் சுடலாம், வீக்கத்தில் புதைந்தும் போகலாம். துளை தூர்ந்துவிடுமே என்று கவலைப்படுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு அவர் அனுமதித்தால் நைலான் இழை போடலாம். காது குத்திய இடத்தில் தழும்பு தடித்து வளர்ந்தவர்கள் அதை முதல் பார்வையிலேயே சொல்ல வேண்டும்.

ஜனவரி 21, 2024

காப்பீடு கிடைக்குமா? அழகுக்காக என்றால் கிடையாது. நம் நாட்டுக் காப்பீட்டு விதிகளிலேயே அது விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், மருத்துவத் தேவை என்று மருத்துவர் சான்றளிப்பதற்கும் இடம் உண்டு. மூச்சுக்காக நடுச்சுவரை நிமிர்த்துவதற்குக் கேட்டுப் பார்க்கலாம். முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். அழகுக்காகச் செய்ததை மூச்சுக்காக என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள்.

இரண்டாவது அறுவை பற்றி ஆம்பூர்த் தம்பி கேட்டிருந்தார். நூற்றில் 5 முதல் 15 பேருக்குத் திருத்தம் தேவைப்படலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் அறுவைக்குப் பிறகு குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். வீக்கத்தை வெட்ட முடியாது. இரண்டாவது எப்போதும் முதலாவதைவிடக் கடினம். உள்ளே தழும்பு, குருத்தெலும்புக்குத் தட்டுப்பாடு. மூன்றாவது, நான்காவது என்று வருகிறவர்களில் சிலருக்கு மூக்கில் குறையே இருக்காது. பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படி வந்த ஓர் இளைஞரை எங்கள் வார்டு டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பியபோது அவர் அம்மா சண்டை போட்டார். அந்த இளைஞருக்கு அன்று கிடைத்த மிகச் சரியான சிகிச்சை அதுதான். அது ஒரு நோய், மருந்தும் பேச்சும் அதற்கு உதவும், கத்தி உதவாது.

ஏப்ரல் 14, 2024

சித்திரை பிறந்துவிட்டது, விடுமுறையில் செய்துகொள்ளப் போகிறவர்கள் வரிசையாக எழுதுகிறீர்கள். வேலூர் வெயிலில் வியர்த்து ஒட்டுப்பட்டை கழன்றுவிடும் என்ற பயம் நியாயம்தான். காற்றோட்டமான அறையில் இருங்கள். கழன்றால் நீங்களே ஒட்டாமல் போய்க் காட்டுங்கள். கன்றிய தோலில் வெயில் பட்டால் கருமை தங்கிவிடும், ஆகவே வெளியே போனால் தொப்பி அல்லது குடை. மூக்குக் கண்ணாடியை நான்கு முதல் ஆறு வாரம் மூக்கின் மேல் உட்கார வைக்கக் கூடாது. நெற்றியோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும் வழியை வார்டிலேயே காட்டித்தருவார்கள். முகம் முழுவதும் மூடும் ஹெல்மெட் கழற்றும்போதும் மாட்டும்போதும் மூக்கை உரசும். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டுவதும் கூடாது. டாக்டர் சொல்லும்வரை பஸ்ஸில் போங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னல் ஓரத்தில்.